கரை சேர்ந்தோர் கட்டிய பட்டினம்

கிரேக்க தேசத்தின் பிரேயஸ் துறைமுகத்திற் கப்பலேறித் தென்கிழக்குத் திசையாக ஏஜியன் கடலிற் செல்லும் பிரயாணி, சில மணி நேரத்தின் பின் மேற்றளத்துக்கு வந்து நின்றாராயின், கடலினின்றும் ஒரு பட்டினம் எழுந்து வருவதைக் காண்பார். வளைந்த துறைமுகத்தின் கரையில் வரிசை வரிசையாக மாடிவீடுகள். அவற்றின் பின்னே இரண்டு குன்றுகள். இரண்டின் மீதும் அடிமுதல் முடிவரை வீடுகள் படிப்படியாக ஏறி நிற்கின்றன. இரண்டின் உச்சியிலும் ஒவ்வொரு கோயில் விளங்குகின்றது. கடலிலிருந்து பார்ப்பவருக்கு இடப்பக்கமாக உள்ள குன்று கத்தோலிக்கருடையது. மற்றையது கிரேக்க ஒர்த்தடொக்ஸ் சபையினருடையது. முன்னது எழுநூறு எண்ணூறு வருடப் பழைமையுடையது. பின்னதற்கும், அதன் அடிவாரத்திற் பரந்து கிடக்கும் பட்டினத்துக்கும் வயது இருநூறு வருடங்களே.

இவ்வாரம் நாம் காணப் போகும் எர்மூப்பொலி இதுவே. சீரோஸ் என்னும் சிறு தீவின் தலைநகரம். வரைபடத்தில் இத்தீவைத் தேடுவோர் பூதக்கண்ணாடி கொண்டு தேடவேண்டும். அதன் பரப்பு ஏறக்குறைய 84 சதுரக் கிலோமீற்றரே. மரஞ்செடி குறைந்த கற்றரை, ஆறு இல்லை, நன்னீரும் அருமை. இத்தகைய தீவில், ஒரு காலத்தில் ஏதென்ஸ் நகருக்கு அடுத்ததாக, கிரேக்கத்தின் இரண்டாவது பெரிய நகரமும் அந்நாட்டின் முதன்மையான வணிகத் துறைமுகமும் இருந்தனவென்றால் நம்புவது கடினம். அதனைக் கட்டியவர்கள் யார், எவ்வாறு கட்டினார்கள் என்பதுதான் கதை.

பண்டைக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தீவின் வடபகுதியிலுள்ள கலந்திரியானி என்னுமிடத்தில் 1898ஆம் ஆண்டில் கிறிஸ்தோஸ் சூந்தாஸ் என்னும் தொல்பொருளறிஞர் அகழ்ந்தபோது, நாலாயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட நூற்றுக்கணக்கான கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றுட் கிடைத்த பொருள்களுள் மண்ணாற் செய்யப்பட்ட தாச்சி போன்ற ஒருவகைப் பாத்திரம் உண்டு. அதன் அடிப்புறத்தில் அலைகளைக் குறிக்கும் சுருள்கோடுகளும், அவற்றின் நடுவே பல துடுப்புகள் பூட்டிய நெடிய மரக்கலமும் கீறப்பட்டிருக்கின்றன. அப்பாத்திரம் எதற்குப் பயன்பட்டதென்று அறிஞர்கள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. நீர் நிரப்பி முகம் பார்த்தனர் என்பாரும் உளர். நமக்கு வேண்டியது மரக்கலமே. இத்தீவினர் கடலை நம்பி வாழ்ந்தமைக்கு அதனினும் பழைய சாட்சி தேவையில்லை.

ஹோமர் பாடிய ஒடிசி என்னும் காவியத்தில், ஒடிசியஸ் மன்னனின் உண்மை மாறாத பன்றி மேய்ப்பன் யூமேயஸ், தான் ஒரு தீவரசனின் மகனென்றும், சிறுவனாயிருந்தபோது பினீசிய வணிகர் தன்னைக் கடத்திச் சென்று விற்றனரென்றும் கூறுகிறான். அவன் பிறந்த தீவு சீரோஸ் என்றே பலரும் கொள்வர். அத்தீவில் இரண்டு நகரங்கள் இருந்தனவென்றும், எல்லாம் அவ்விரண்டுக்கும் பங்கிடப்பட்டிருந்தனவென்றும் அவன் சொல்வது, இன்றைய இரு குன்றுகளையும் பார்ப்போருக்கு வியப்பளிக்கும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி பெரெக்கிடிஸ் இத்தீவினரே. கேத்திரகணிதத்தில் மாணவர் மனனஞ் செய்யும் தேற்றத்துக்குரிய பைதகரசுக்கு இவர் ஆசிரியராயிருந்தார் என்பது ஐதிகம்.

அதன்பின் நெடுங்காலம் சீரோஸ் உறங்கியது. 1204ஆம் ஆண்டிற் சிலுவைப் போர்வீரர் கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றியதும், வெனிசிய வீரனான மார்க்கோ சனுதோ என்பவன் இக்கடற்றீவுகளைச் சேர்த்து ஒரு சிற்றரசை அமைத்தான். சீரோஸ் தீவினர் அவன் காலந்தொட்டுக் கத்தோலிக்க மதத்தைத் தழுவினர். கடற்கொள்ளைக்காரருக்கு அஞ்சிக் கரையை முற்றாகக் கைவிட்டுக் குன்றின் உச்சியிற் குடியேறினர். அக்குடியிருப்பே ஆனோ சீரோஸ், அதாவது மேற்சீரோஸ். அங்கே வீதிகள் இல்லை, படிக்கட்டுகளே வீதிகள். வெளிவரிசை வீடுகளின் பின்சுவர்களே மதிற்சுவராக நின்றன. 1537இல் துருக்கியக் கடற்படைத் தலைவன் பார்பரோசா இத்தீவைக் கைப்பற்றினான். ஆயினும், 1635இற் கப்புச்சின் துறவிகளும் பின்னர் இயேசுசபையினரும் வந்து மடங்களை அமைத்தனர்; பிரெஞ்சு மன்னர் இங்குள்ள கத்தோலிக்கரைத் தமது பாதுகாப்பில் எடுத்துக்கொண்டனர். இந்தப் பிரெஞ்சுப் பாதுகாப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இருநூறு வருடங்களின் பின் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது அதுவே.

1821ஆம் ஆண்டிற் கிரேக்கர் துருக்கிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். சீரோஸ் தீவின் கத்தோலிக்கர் அப்போரிற் சேரவில்லை. பிரான்சின் கொடிநிழலில் நடுநிலை வகித்தனர். இதற்காக அக்காலத்திற் கிரேக்கர் பலர் அவர்களைத் தூற்றினர். தூற்றியோர் அடுத்த சில வருடங்களில் தலைசாய்க்க இடந்தேடிச் சென்றது அந்த நடுநிலைத் தீவுக்கே என்பது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று.

1822ஆம் ஆண்டின் வசந்த காலத்திற் கியோஸ் தீவு அழிந்தது. சின்னாசியாவின் கரைக்கு எதிரேயுள்ள அத்தீவு, வாசனைப் பிசினாகிய மஸ்திக்கினாற் செல்வங் கொழித்தது. அதன் வணிகர் கருங்கடற் கரையிலிருந்து இலண்டன் வரை கிளைகள் நிறுவியிருந்தனர். சுல்தானின் படைகள் அங்கே பல்லாயிரவரைக் கொன்றன. பல்லாயிரவரை அடிமைகளாக்கிச் சந்தைகளில் விற்றன. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா அக்கொடுமையைத் தீட்டிய பெருஞ்சித்திரம் இன்றும் பாரிஸ் நகரத்து லூவர் மாளிகையில் இருக்கின்றது. 1824இல் மாலுமிகளின் தீவாகிய ப்சாராவும், அதே ஆண்டிற் காசோஸ் தீவும் அழிக்கப்பட்டன. சிமிர்னாவிலிருந்தும், கிடோனியே நகரிலிருந்தும், கிரேத்திலிருந்தும் மக்கள் தப்பியோடி வந்தனர். கைக்கு அகப்பட்ட படகுகளில் ஏறி வந்த இவர்களுட் பலர் சீரோஸ் தீவின் வெறுங்கரையில் இறங்கினர்.

வந்தோருக்கு அங்கே வரவேற்பு இருக்கவில்லை. கரைநிலம் குன்றின் மேலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் சொந்தமானது. தம் தொகையிலும் பன்மடங்கான அந்நியர், வேறு சபையினர், தங்கள் நிலத்திற் குடிசை போடுவதை அவர்கள் விரும்பவில்லை. பிணக்குகளும் வழக்குகளும் பல நிகழ்ந்தன. அவர்களையும் நாம் முற்றாகக் குறைகூற இயலாது. வந்தோரும் அங்கே தங்கிவிட எண்ணி வரவில்லை. போர் முடிந்ததும் திரும்பிச் செல்லலாம் என்னும் நம்பிக்கையுடன், பலகையாலும் பாய்த்துணியாலும் குடில்களை அமைத்தனர். பெட்டிகளை அவிழ்க்காமல் இருந்தனர் என்றே சொல்லலாம். ஆனால் பிறந்த தீவுகளிலிருந்து நற்செய்தி எதுவும் வரவில்லை. 1830இல் ஐரோப்பிய வல்லரசுகள் கிரேக்க இராச்சியத்துக்கு எல்லை வகுத்தபோது கியோஸ் அதற்குள் அடங்கவில்லை, துருக்கியருக்கே விடப்பட்டது. 1912ஆம் ஆண்டு வரை அது கிரேக்கத்துடன் சேரவும் இல்லை. கரையில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அதற்குள் முதியோராகி மறைந்துவிட்டனர்.

பெயரில்லாத இக்குடியேற்றத்துக்குப் பெயர் சூட்டுவதற்கு 1826இல் ஒரு கூட்டம் கூடியது. புதிதாக எழுந்திருந்த ஆண்டவரின் உருமாற்றக் கோயிலிற் கூடினர். இழந்த தீவின் பெயரையே இதற்கு இடுவார்கள் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் கியோஸ் வணிகரான லூக்காஸ் ரல்லிஸ் எழுந்து, ஹெர்மிஸ் தேவனின் பெயரால் இதனை எர்மூப்பொலி, அதாவது ஹெர்மிஸ் நகரம், என்று அழைப்போம் என்றார். கிறிஸ்தவக் கோயிலினுள் நின்றுகொண்டு, பழைய கிரேக்கரின் தேவன் ஒருவனைக் காவலனாகத் தெரிந்தனர்! ஹெர்மிஸ் வணிகருக்குத் தேவன்; வழிப்போக்கருக்கும் தேவன். கள்வருக்கும் அவனே தேவன் என்பர். அப்பகுதியும் பொருந்தாமற் போகவில்லை. போர்க்காலத்திற் கடற்கொள்ளைக்காரர் கைப்பற்றிய சரக்குகள் பல இத்துறையில் விலைப்பட்டன என்று ஐரோப்பிய மாலுமிகள் முறையிட்டனர். எல்லாவற்றையும் இழந்து வந்தோர், பண்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நிலையில் இருந்திரார்.

ஆயினும் கொள்ளைப் பொருளை விற்று ஒரு நகரத்தை எழுப்ப முடியாது. எர்மூப்பொலியின் செல்வம் அதன் அமைவிடத்திலும், அம்மக்களின் கணக்கறிவிலும் இருந்தது. கருங்கடற் கரையிலிருந்து கோதுமை மேற்கே செல்லவேண்டும். இங்கிலாந்தின் பருத்தித்துணியும் இரும்பும் கிழக்கே செல்லவேண்டும். இரு வழிகளும் சந்திக்கும் இடத்திற் சீரோஸ் இருந்தது. அதன் துறை ஆழமானது, காற்றுக்கு மறைவானது. கொண்டுவந்த சரக்கை இங்கே இறக்கிப் பண்டகசாலையில் வைத்து, விலை ஏறும்போது வேறு துறைக்கு ஏற்றலாம். 1834இல் அரசாங்கம் துறைமுகத்தருகே பெரிய பண்டகசாலைகளைக் கட்டியது. துறைக்கு எதிரே, கப்பல்களில் வருவோரை நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைக்கும் கட்டடம் ஒன்றும் எழுந்தது. கொள்ளைநோய் கிழக்கிலிருந்து வரும் என்று ஐரோப்பா அஞ்சியிருந்த காலம் அது. இன்று அக்கட்டடம் பாழடைந்த சுவர்களாக நிற்கின்றது.

மாணவர்கள் கவனிக்கத்தக்க இன்னொரு முறையும் அங்கே வழங்கியது. அதனைக் கடற்கடன் என்று சொல்லலாம். கப்பற்றலைவன் ஒருவன் பிரயாணத்துக்கு வேண்டிய பணத்தை வணிகனிடம் கடனாகப் பெறுவான். கப்பல் பத்திரமாகத் துறை சேர்ந்தால் முதலையும் உயர்ந்த வட்டியையும் கொடுத்துவிடுவான். கப்பல் மூழ்கினாற் கடனும் அதனோடு மூழ்கிவிடும். ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை. கடனும் காப்புறுதியும் ஒன்றாய் அமைந்த இம்முறையினால், கைப்பொருள் இல்லாத மாலுமியும் ஒரு கப்பலுக்கு உடைமையாளனாகலாம். ப்சாராத் தீவினரிடம் கடலறிவு இருந்தது. கியோஸ் தீவினரிடம் வெளிநாட்டு உறவும் கணக்குப் புத்தகமும் இருந்தன. அழிவு இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே கரையிற் கொண்டுவந்து சேர்த்திராவிட்டால் இந்நகரம் பிறந்திராது என்றே இக்கட்டுரையாளர் எண்ணுகிறார். கியோஸ் வணிகக் குடும்பங்களின் உறவு எத்துணைத் தூரம் பரவியிருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: ரல்லி சகோதரர் என்னும் அவர்களது வணிக நிலையம் இலண்டனிலிருந்து கிளைபரப்பி, 1851இற் கல்கத்தாவிலும் தொழில் தொடங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எர்மூப்பொலியில் ஏறக்குறைய 20,000 மக்கள் வாழ்ந்தனர். மரக்கலங்கள் கட்டும் தளங்களிற் சுத்தியல் ஓசை ஓயவில்லை. 1856இற் கிரேக்க நீராவிக் கப்பற் கம்பனி இங்கே நிறுவப்பட்டது. 1861இல் நியோரியன் என்னும் கப்பல் பழுதுபார்க்கும் தளம் தோன்றியது. வந்திறங்கியோர் தத்தம் ஊராருடன் சேர்ந்தே குடியமர்ந்தமையால், பட்டினத்தின் பகுதிகள் இழந்த ஊர்களின் பெயர்களைத் தாங்கின. ஒர்த்தடொக்ஸ் குன்றுக்கு வ்ரொந்தாதோ என்று பெயர். அது கியோஸ் தீவிலுள்ள ஓர் ஊர். ப்சாரியானா என்பது ப்சாராவினர் வாழ்ந்த பகுதி. செல்வந்த வணிகரும் கப்பலுடையோரும் கடலோரத்தில் வப்போரியா என்னும் பகுதியில் மாளிகைகளை எழுப்பினர். பளிங்கு மேன்மாடங்களும் வண்ணஞ்செய்த உட்கூரைகளும் உள்ள அவ்வீடுகளின் அடிச்சுவரிற் கடலலை மோதும்.

முதல் தலைமுறையினர் பணத்தைத் தேடினர் என்றாலும், பள்ளிக்கூடத்தை மறக்கவில்லை. கிரேக்க இராச்சியத்தின் முதலாவது உயர்தரப் பாடசாலை 1833இல் இங்கே திறக்கப்பட்டது. கியோஸ் தீவின் பேரறிஞரான நியோபிதோஸ் வாம்வாஸ் அதன் தலைமையாசிரியராயிருந்தார். பின்னாளிற் கிரேக்கத்தின் பிரதமராகப் புகழ்பெற்ற வெனிசெலோஸ் கிரேத்திலிருந்து வந்து இந்நகரிற் கல்வி பயின்றார். அக்காலத்து மாணவர் இருவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. எம்மானுவேல் ரொயிதிஸ், திமித்ரியோஸ் விக்கேலாஸ் என்னும் இருவரும் எர்மூப்பொலியிற் பிறந்து, ஒரே பாடசாலையிற் படித்து, ‘தேனீ’ என்னும் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றை நடத்தினர். ரொயிதிஸ், ‘போப்பாண்டவர் யோவான்னா’ என்னும் அங்கத நாவலை 1866இல் எழுதிச் சபையாரின் கோபத்துக்கு ஆளானார். விக்கேலாஸ் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதலாவது தலைவரானார். 1896இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் விழா அவர் தலைமைக்காலத்ததே. அவர் 1879இல் எழுதிய ‘லூக்கிஸ் லாராஸ்’ என்னும் கதை, கியோஸ் படுகொலையினின்று தப்பியோடிய ஒரு வணிகனின் வாழ்க்கையைச் சொல்கின்றது. பல ஐரோப்பிய மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. கையெழுத்துப் பத்திரிகை நடத்தும் நம் மாணவர்களுக்கு இச்செய்தி உற்சாகம் தருமாக.

1864ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பொல்லோ அரங்கு திறக்கப்பட்டது. இத்தாலியச் சிற்பி பியெத்ரோ சம்போ அதனை அமைத்தார். இத்தாலிய நாடகக் குழுவொன்று வேர்டியின் ‘றிகொலெத்தோ’ இசைநாடகத்தை முதலில் நடித்தது. மிலான் நகரின் லா ஸ்காலாவைச் சிறிதாக்கி வைத்தாற்போல் இருப்பதென்று அதனைப் பாராட்டுவர். நாற்பது வருடங்களுக்கு முன் பாய்த்துணியின் கீழ் உறங்கியோரின் மக்கள், செந்நிற மெத்தையாசனங்களில் அமர்ந்து இத்தாலியப் பாட்டுக் கேட்டனர். 1876இல் நகரமண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினர். ஏதென்ஸ் நகரிற் பல மாளிகைகளை அமைத்த ஜெர்மானியச் சிற்பி ஏர்ன்ஸ்ற் சில்லர் அதன் படத்தை வரைந்தார். 1898இல் வேலை நிறைவெய்திய அம்மண்டபம், ஒரு சிறு தீவின் நகரசபைக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்று இன்றும் வியக்க வைக்கின்றது. உண்மையில் அது சற்று மிகையே. கட்டத் தொடங்கியபோது நகரம் உச்சத்தில் இருந்தது. கட்டி முடித்தபோது இறங்குமுகத்தில் இருந்தது.

ஆம், இறக்கம் தொடங்கிவிட்டது. பாய்க்கப்பல் காற்றுக்காகக் காத்திருக்கவேண்டும். இடைத்துறை அதற்கு இன்றியமையாதது. நீராவிக் கப்பலுக்கு அவ்வாறில்லை. கருங்கடலிற் கோதுமை ஏற்றியது நேரே மார்செய்ல்சுக்கோ இலண்டனுக்கோ சென்றுவிடும். தலைநகராகிய ஏதென்சின் வாயிற்படியாக இருந்த பிரேயஸ் துறைமுகம், ரெயில் பாதையையும் பெற்று வளர்ந்தது. 1893இற் கொரிந்துக் கால்வாய் திறக்கப்பட்டபின் கப்பல்கள் அவ்வழியே திரும்பின. எர்மூப்பொலியினர் சும்மா இருக்கவில்லை. வணிகம் கைவிட்டபோது தொழிற்சாலைகளை நாடினர்: பஞ்சாலைகள், தோல் பதனிடும் ஆலைகள், ஈயக்குண்டு செய்யும் ஆலை எனப் பலவும் எழுந்தன. 1879இற் கப்பற்றளத் தொழிலாளரும் தோல் பதனிடுவோரும் வேலைநிறுத்தம் செய்தனர். நவீன கிரேக்கத்தின் முதல் வேலைநிறுத்தங்களாக அவை எண்ணப்படுகின்றன. ஆயினும் பணமுடையோர் பிரேயசுக்குப் பெயர்ந்தனர். அவர் பின்னே பிழைப்பு நாடுவோரும் சென்றனர்.

அவ்வாறு சென்றோருள் ஒரு சிறுவனை மட்டும் இங்கே குறிப்பிடவேண்டும். மார்க்கோஸ் வாம்வக்காரிஸ் 1905இல் ஆனோ சீரோசில், ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தான். இளம்பிராயத்திலேயே பஞ்சாலை வேலை. பின்னர் பன்னிரண்டு வயதளவிற் கப்பலில் ஒளிந்து பிரேயசுக்குப் பிரயாணம். அங்கே கரிசுமக்கும் வேலை, இறைச்சித் தொட்டியில் வேலை. புசூக்கி என்னும் நரம்புக்கருவியை அவன் பயின்றதும் அந்தத் துறைமுகச் சந்துகளிலேதான். கற்றோர் இழிவாக எண்ணிய அவ்விசையை நாடறியச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். பல வருடங்களின் பின் சொந்தத் தீவில் ஒரு கோடைகாலத்தில் வாசித்தபோது, கேட்போர் நடுவே இருந்த ஒரு பெண்ணைக் கண்டு ஒரு பாடல் இயற்றினார் என்று அவரே கூறியுள்ளார். 1935இல் ஒலித்தட்டாக வெளிவந்த ‘பிராங்கோசீரியானி’, அதாவது ‘சீரோசின் கத்தோலிக்கப் பெண்’, என்னும் அப்பாடலை அறியாத கிரேக்கர் இல்லை. அதில் வரும் இடப்பெயர்கள் யாவும் இத்தீவின் ஊர்களே. 1972இல் அவர் காலமானார். அவர் பிறந்த குன்றில் இன்று அவருக்கொரு சிறு நூதனசாலை உண்டு.

அகதிகள் அமைத்த நகரத்துக்கு அகதிகள் மீண்டும் வந்தனர். 1922இற் சின்னாசியக் கிரேக்கரும் ஆர்மீனியரும் துரத்தப்பட்டபோது, அமெரிக்க நிவாரணச் சங்கமொன்று இந்நகரருகே பெரிய அநாதை விடுதியை நடத்தியது. அதன் கட்டடங்களை எழுப்புவதற்கு அநாதைச் சிறுவரே கல் சுமந்தனர்.

மிகக் கொடிய காலம் பின்னரே வந்தது. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தாலியப் படை தீவில் இறங்கியது. விளைநிலம் அற்பமாகையால் எர்மூப்பொலி எந்நாளும் கப்பலில் வரும் தானியத்தை உண்டே வாழ்ந்தது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகை ஒருபுறம், ஆக்கிரமித்தோரின் பறிமுதல் மறுபுறமாகக் கப்பல்கள் நின்றன. நகரம் பட்டினியில் வீழ்ந்தது. 1941-42 மாரிகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிரேக்கம் முழுவதுமே அக்காலத்திற் பஞ்சத்தால் வாடிற்று. ஆனால் தொகைக்கேற்ற விகிதத்தில் இந்நகரம் இழந்ததுபோல் இழந்த இடங்கள் சிலவே. பளிங்கு மேன்மாட வீடுகளின் வாயிலிலும் பிணங்கள் கிடந்தன.

போரின் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அரங்கு சிதைந்தது, மாளிகைகள் பூட்டிக் கிடந்தன. இதில் ஒரு நன்மையும் விளைந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு எவரிடமும் பணம் இல்லாமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டினம் அப்படியே நின்றது! அப்பொல்லோ அரங்கு புதுப்பிக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டிற் கைத்தொழில் நூதனசாலையும் திறக்கப்பட்டது. நியோரியன் கப்பற்றளம் பலமுறை நொடிந்தும் முற்றாக மறையவில்லை. 2018இல் புதிய உடைமையாளரிடம் சென்றபின் மீண்டும் கப்பல்கள் அங்கே ஏறுகின்றன. இத்தளத்தின் உடைமையாளர் 1970களில் மின்சாரத்தால் ஓடும் சிறு மோட்டார் வண்டிகளைச் சீரோசிற் செய்வித்தனர் என்பது பலரும் அறியாதது. என்பீல்ட் 8000 என்று பெயர். ஏறக்குறைய 120 வண்டிகளே வெளிவந்தன. பெரும்பாலானவை இங்கிலாந்துக்குச் சென்றன. உலகம் மின்வண்டிக்கு ஆயத்தமாவதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே செய்துவிட்டமைதான் அவர்கள் இழைத்த தவறு.

இன்று தீவு முழுவதிலும் 21,000 பேரளவில் வாழ்கின்றனர். ஏனைய ஏஜியன் தீவுகள் கோடையில் உல்லாசப் பிரயாணிகளால் நிரம்பி மாரியில் வெறிச்சோடிவிடும். எர்மூப்பொலி அவ்வாறன்று. சிக்லாடிஸ் தீவுகளின் நிர்வாகத் தலைநகர் ஆகையால், நீதிமன்றத்துக்கு வரும் வழக்காளிகளும், கந்தோருக்குச் செல்லும் எழுதுவினைஞரும், சர்வகலாசாலை மாணவரும் ஆண்டு முழுவதும் அதன் வீதிகளில் நடமாடுவர். மாலையில் நகரமண்டபத்தின் முன்னுள்ள பளிங்குச் சதுக்கத்திற் பெரியோர் உலாவுவர், சிறுவர் பந்தடிப்பர். சுதந்திரப் போரின் கடற்படைத் தலைவர் மியாவுலிசின் சிலை அவர்களைப் பார்த்து நிற்கும். கடைத்தெருவில் லூக்கூமி வாங்கலாம். சீனியையும் மாவையும் காய்ச்சி, பன்னீரோ மஸ்திக்கோ சேர்த்து, துண்டுகளாக்கி வெண்சீனித்தூள் தூவிய தின்பண்டம் இது. கியோஸ் அகதிகளே அதன் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தனர். இவ்வளவு சுவை வேறெங்கும் வராததற்குத் தீவின் உவர்கலந்த நீரே காரணமென்று உள்ளூரார் சாதிப்பர். முற்காலத்திற் கப்பல் துறையை அணைந்ததும் வெள்ளுடை அணிந்த வியாபாரிகள் கூடைகளுடன் மேற்றளத்துக்கு ஓடிவந்து இதனை விற்றனர்.

இரு குன்றினரின் பழைய பகை எவ்வாறாயிற்று என்று வாசகர் கேட்கலாம். இரு சபையாரும் கலந்து மணஞ்செய்கின்றனர். உலகின் பிற பாகங்களில் இரு சபையாருக்கும் உயிர்த்த ஞாயிறு பெரும்பாலும் வெவ்வேறு நாளில் வரும். இத்தீவின் கத்தோலிக்கர் தம் நாளை விட்டு ஒர்த்தடொக்ஸ் சபையாரின் நாளிலேயே அதனைக் கொண்டாடுகின்றனர். பெரிய வெள்ளியன்று இரவு, மலர்களால் அலங்கரித்த கிறிஸ்துவின் திருச்சவப் பேழைகள் ஒர்த்தடொக்ஸ் கோயில்களிலிருந்து புறப்பட்டு நகரமண்டபச் சதுக்கத்தில் ஒன்றுகூடும்.

பார்க்கவேண்டிய கோயில்களுள் இரண்டை மட்டும் சொல்வோம். புனித நிக்கலஸ் கோயில் வணிகரின் செல்வத்தால் எழுந்தது. அதன் முன்னே சிற்பி கியோர்கியோஸ் வித்தாலிஸ் செதுக்கிய ‘அடக்கம் பெறாத போர்வீரன்’ என்னும் நினைவுச்சின்னம் நிற்கின்றது. பெயரறியாத வீரருக்கு உலகில் எழுந்த மிகப் பழைய சின்னங்களுள் ஒன்றாக அதனைக் கருதுவர். தம் இறந்தோருக்குக் கல்லறை காணாத குடும்பங்கள் நிறைந்த ஊரில் அது எழுந்தது தற்செயலன்று.

மற்றையது தேவமாதாவின் துயிற்கோயில். 1820களின் இறுதியில் எழுந்தது, அளவிற் பெரிதன்று. ப்சாராவிலிருந்து தப்பி வந்தோர் தம் பொருள்களை விட்டுக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஒரு படம் அங்கே இருந்தது. மாதா துயிலில் ஆழ்ந்திருக்க, அப்போஸ்தலர் சூழ்ந்து நிற்கும் மரப்பலகைச் சித்திரம். நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக ஊரார் அதன்முன் மெழுகுதிரி ஏற்றினர். புகையும் தூசியும் படிந்து படம் கருமை எய்தியது. 1983ஆம் ஆண்டில் தொல்பொருட் பகுதியைச் சேர்ந்த ஓர் அறிஞர் அதனை நெருங்கிப் பார்த்தார். துப்புரவு செய்தபோது, கீழ்ப்புறத்தில் தீட்டப்பட்டிருந்த விளக்குத்தண்டின் அடியில் ஒரு கையொப்பம் தெரிந்தது: தொமெனிக்கோஸ் தியோத்தொக்கொபூலோஸ். கிரேத் தீவில் 1541இற் பிறந்து, இத்தாலி வழியாக ஸ்பானியா சென்று, எல் கிரேக்கோ என்னும் பெயரால் உலகப்புகழ் பெற்ற ஓவியர் தம் இளமையில், தாயகத்தை விட்டுப் புறப்படுமுன் வரைந்த படம் அது.

படத்தை ஏதென்ஸ் நூதனசாலைக்கு அனுப்பவில்லை. கோயிலின் முகப்பு மண்டபத்தில், வாயிலுக்கு அருகே, கண்ணாடியின் பின்னே அது வைக்கப்பட்டிருக்கின்றது. உள்ளே நுழைவோர் முன்போலவே மெழுகுதிரி ஏற்றிச் செல்கின்றனர்.